ரிஜக்ட் குவியலில் கிடந்த சூரியன்

பிரேம்நாத்தின் கை பட்டால் தோல் தன் குறையைத் தானே ஒப்புக்கொண்டுவிடும் என்று ஆம்பூர் டேனரியில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. பதனிட்டு, சாயம் ஏறி, மேஜைக்கு வந்து சேரும் ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் ஒரு முறை விரிப்பார். கட்டை விரலால் ஒரு முறை நீவுவார். உண்ணி கடித்த வடு, முள் கீறல், அம்மைத் தழும்பு, மேல்பரப்பு சொரசொரத்து நிற்கும் இடம், எதுவும் தப்பாது. ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜக்ட் என்று நான்கு குவியல். எந்தத் தோல் எந்தக் குவியலுக்குப் போகும் என்று அவர் யோசித்து யாரும் பார்த்ததில்லை. தாடி முளைத்த வயதில் அந்த மேஜைக்கு வந்தவர், தாடி நரைத்த பிறகும் அங்கேயேதான் நிற்கிறார். செலக்டர் என்பது வேலையின் பெயர். நாளாவட்டத்தில் அதுவே சுபாவமும் ஆகிவிட்டது. காய்கறிக் கடைக்குப் போனாலும் கத்திரிக்காயை நான்கு குவியலாகப் பிரித்துவிட்டுத்தான் வாங்குவார். கடைக்காரம்மாவுக்கு அவரைக் கண்டாலே பேஜார்.

இப்படிப்பட்டவர் கையில் சூரியன் கிடைத்தால் என்ன ஆகும்? நடந்ததைச் சொல்கிறேன்.

சூரியன் கிடைப்பதற்கு முன்னால் பிரிசில்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரேம்நாத்தின் மனைவி. மாதனூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் இருந்தாள். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, கம்பெனி பஸ் வருவதற்குள் ஈரக் கூந்தல் காய்ந்துவிடட்டும் என்று, பக்கத்திலேயே புளியமர நிழல் இருந்தும் வெயிலில் போய் நிற்பவள். "உனக்கு மட்டும் வெயிலு சும்மா கெடைக்குதா?" என்று மற்றப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்பாள். அவள் குரல் தனியாகத் தெரியும். பிரேம்நாத் ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். கர்த்தர் அதை மன்னித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அவளுக்கு மூட்டு வலி வந்தது. காய்ச்சல் வந்தது. கடைசியில் மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலுமாகச் சிவப்பாக ஒரு தடிப்பு படர்ந்தது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து லூபஸ் என்றார்கள். உடம்பு தன்னைத் தானே பகைத்துக்கொள்ளும் நோய். முகத்தில் இருப்பதன் வடிவத்தைப் பார்த்து வண்ணத்துப்பூச்சி என்று டாக்டர்கள் பெயர் வைத்திருப்பதாக நர்ஸ் சொன்னாள். "பேரு மட்டும் அழகா வச்சிருக்காங்க," என்றாள் பிரிசில்லா.

"வெயில் படக் கூடாதும்மா. வெளிய போனா முழுக்கை, குடை, கிரீம். மத்தபடி எப்பவும்போல இருங்க," என்றார் டாக்டர்.

முதல் பாதியைத்தான் அவள் வீட்டுக்கு எடுத்துவந்தாள். மருந்து வேலை செய்தது. காய்ச்சல் விட்டது, வலி குறைந்தது, தடிப்பு மட்டும் லேசாகத் தங்கிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் இருக்கும் அவள் தங்கை கிறிஸ்டினா போன் செய்தாள். "மாமா, அக்காவப் பாத்து ரொம்ப நாளாச்சு. ஒரு போட்டோவாச்சும் அனுப்புங்க."

பிரேம்நாத் எடுத்தார். அவருடைய போனில் முகத்தை அழகாக்கும் வசதி ஒன்று உண்டு. அதைக் கடைசிவரை இழுத்துவிட்டார். தடிப்பு மறைந்தது. கண்ணோரச் சுருக்கம், உதட்டுக்கு மேலிருந்த மச்சம், எல்லாம் சேர்ந்து மறைந்தது. மெழுகு பொம்மை போல ஒருத்தி சிரித்தாள். "இத பாரு, ஒண்ணுமே தெரியல," என்று சந்தோஷமாக நீட்டினார். அவள் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைத் தங்கைக்கு அனுப்பினார்.

மறுநாள் பிரிசில்லா உள்ளறை ஜன்னலில் பழைய கம்பளி ஒன்றைக் கட்டினாள். அதன்பின் யார் வந்தாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள். சாயங்காலத்தில், வெயிலே இல்லாத நேரத்தில்கூட வாசலுக்கு வருவதில்லை. கம்பெனி வேலை போயிற்று, சர்ச் போயிற்று, பாட்டு போயிற்று. வெயிலுக்குப் பயந்துதான் இப்படி இருக்கிறாள் என்று பிரேம்நாத் நம்பினார். ஆட்டுத்தோலில் கண்ணுக்குத் தெரியாத வடுவைக் கண்டுபிடிக்கும் மனிதருக்கு இது தெரியவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வருகிற இடம் இது.

ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "வெயிலு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுங்க."

சும்மா சொன்னதுதான். பிரேம்நாத்துக்குச் சோறு இறங்கவில்லை. இவள் வெயிலுக்குப் போக முடியாது; சரி, சூரியனைப் படமாகப் பிடித்து இவளிடம் கொண்டுவந்தால் என்ன? அதைப் பார்த்தாலாவது அந்தக் கம்பளியை அவிழ்க்க மாட்டாளா? அவள் அந்த அறையை விட்டு வெளியே வர வேண்டும். அவருக்கு அப்போது வேறு வேண்டுதலே இல்லை.

பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஆபித் பாஷா அவருடைய சிறு வயதுத் தோழர். வேலூரில் ஒரு வாத்தியார் வீட்டைக் காலி செய்யும்போது விற்ற பழைய டெலஸ்கோப்பை அவர்தான் பிடித்துக் கொடுத்தார். கணினியோடு இணைக்கிற சின்ன கேமராவும் கூடவே வந்தது. சூரியனுக்கென்றே விற்கும் கண்ணாடிப்பளபளப்புத் தாளை வரவழைத்து, டெலஸ்கோப்பின் வாய்க்கு மூடி செய்து கொடுத்தார்.

"தோஸ்த், இத மாட்டாம கண்ண வச்சே, கண்ணு போச்சு. ஒவ்வொரு தரமும் ஓட்டை இருக்குதான்னு பாத்துட்டு மாட்டு. எல்லாரும் நிலாவப் பாப்பாங்க. உனக்குன்னு எங்கேர்ந்துதான் இந்த ஆசை வந்துச்சோ."

"நிலாவ அவளே பாத்துக்கலாம்ப்பா," என்றார் பிரேம்நாத்.

ஆபித் பாஷா அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை.

சூரியனில் கரும்புள்ளிகள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த காலம் அது. படம் பிடிக்க வாகான நேரம் என்று இணையத்தில் எல்லோரும் சொன்னார்கள். பிரேம்நாத் ஞாயிற்றுக்கிழமைதோறும் மொட்டை மாடிக்கு ஏறினார். வெளிச்சத்தில் லேப்டாப் திரை தெரியாது என்பதால் ஷூ கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதற்குள் தலையை விட்டுக்கொள்வார். "இன்னாம்மா, உங்க வீட்டுக்காரரு பெட்டிக்குள்ள குடித்தனம் போய்ட்டாரா?" என்று எதிர்வீட்டு வள்ளியம்மாள் சத்தமாகக் கேட்பார். உள்ளறையிலிருந்து பதில் வராது.

முதல் படத்தை இணையத்தில் பார்த்தவர்கள் ஃபோகஸ் சரியில்லை என்றார்கள். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே படம் ஆடியது. துணி காயப்போடும் கிளிப் ஒன்றைத் திருகில் மாட்டி, அதன் நுனியை லேசாகத் தள்ளினார். ஆட்டம் நின்றது. அடுத்ததற்குக் காற்று சரியில்லை என்றார்கள். மத்தியானத்தில் மாடித் தரை கொதிக்கும். அதன்மேல் காற்று அலையும். தோசைக்கல்லுக்கு மேலே பார்க்கிற மாதிரி சூரியனும் நெளியும். அதனால் காலையில், வெயில் மலையைத் தாண்டி மேலே வந்ததும் ஏறினார். மாடியில் தண்ணீர் தெளித்தார். பக்கத்து வீட்டுத் தகரக் கூரையின் அனல் படாத மூலைக்கு டெலஸ்கோப் நிற்கும் முக்காலியை மாற்றினார். ஆபித் பாஷாவின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மற்றதையும் கற்றுக்கொண்டார். சூரியனை ஒரே படமாக எடுப்பதில்லை. வீடியோவாக எடுத்து, அதை ஆயிரக்கணக்கான தனிப் படங்களாகப் பிரிப்பார்கள். காற்று சற்று அசையாமல் நின்ற கணத்தில் விழுந்த நல்ல படங்களை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தெளிவான ஒரு சூரியன் கிடைக்கும்.

"பொறுக்குற வேலைய கம்ப்யூட்டரே செஞ்சிடும் தோஸ்த். பட்டன அமுக்கிட்டு டீ குடிக்கப் போலாம்."

பிரேம்நாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செலக்‌ஷன மெஷினு பண்ணுமா? நான் எதுக்குப்பா இருக்கேன்?"

அங்கேதான் இடறினார். வீட்டுக்கு வந்து, கணினியில் நான்கு குவியல் போட்டார். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜக்ட். சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினார். கண் பழகிய வேலை. பரபரவென்று ஓடியது. ஃபர்ஸ்ட் குவியலை மட்டும் அடுக்கி, வந்த படத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

"பிரிசி, இந்தா பாரு. இன்னிக்குக் காலைல இருந்த சூரியன்."

அவள் பார்த்தாள். வழவழவென்று ஒரு வெள்ளை வட்டம். நடுவில் அழுக்குப் பட்டதுபோல் மங்கலாக ஏதோ இரண்டு இடத்தில்.

"நல்லாருக்குங்க," என்றாள். பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "உரிச்ச முட்ட மாதிரி," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஒவ்வொரு ஞாயிறும் இதேதான். எல்லாவற்றையும் சரி செய்தாயிற்று, தரை குளிர்ந்தது, கிளிப் வேலை செய்தது, காற்றும் ஒத்துழைத்தது. ஆனாலும் கடைசியில் முட்டைதான் வந்தது. கம்பளியும் ஜன்னலில் அப்படியே தொங்கியது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் சாயங்காலப் பயிற்சிக்கு வரச் சொல்லித் தகவல் வந்துகொண்டே இருந்தது. பிரிசில்லா அதைப் படிப்பாள், போனைக் கவிழ்த்து வைப்பாள். பிரேம்நாத் அதைப் பார்ப்பார். கேட்கத் தைரியம் வராது.

பண்டிகைக்கு முந்தைய வாரம் சூரியனில் பெரிய புள்ளிக்கூட்டம் ஒன்று வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை காற்றே இல்லை. பிரேம்நாத் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வீடியோவை எடுத்தார். கீழே வந்து, மின்விசிறிக்காக உள்ளறைக் கட்டிலிலேயே உட்கார்ந்து குவியல் பிரித்தார். பிரிசில்லா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃபர்ஸ்ட் குவியல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. "ஒண்ணும் தேறல. நல்ல காத்துன்னு நெனச்சேன், எல்லாம் ரிஜக்ட்டு," என்று முணுமுணுத்துவிட்டு, வாசலில் ஆபித் பாஷாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் எழுந்து போனார்.

லேப்டாப் கட்டிலில் திறந்தபடி இருந்தது. பிரிசில்லா அதை மூடத்தான் கையை நீட்டினாள். ரிஜக்ட் குவியல் திரையில் விரிந்திருந்தது.

மூட வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். அது முட்டை இல்லை. அந்த வட்டம் முழுக்க, விளிம்பிலிருந்து விளிம்புவரை, பொடிப் பொடியாக ஏதோ நிறைந்திருந்தது. உலையில் அரிசி தளதளவென்று கொதிக்கும்போது மேலே தெரியுமே, அப்படி. கரும்புள்ளி அழுக்காக இல்லை. கன்னங்கரேலென்று நடு, அதைச் சுற்றி இமை மயிர் போல நூல் நூலாக ஓடிய ஓரம். அடுத்த படத்தைத் தள்ளினாள். இன்னும் தெளிவு. வெயிலில் ஈரத் தலையோடு நிற்கும்போது கழுத்தில் இறங்குமே ஒரு சூடு, அதுவே ஞாபகம் வந்தது. இதுதான், இதுவேதான் என்று தோன்றியது. பிறகு குவியலின் பெயரை மறுபடி படித்தாள்.

பிரேம்நாத் திரும்பி வந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

"இத ஏன் தூக்கிப் போட்ட?"

நீ என்று அவள் சொல்வது ரொம்பக் கோபம் வந்தால்தான். அவர் பதறிப்போனார்.

"எத?"

"இதெல்லாம். எவ்ளோ அழகா இருக்குது. ஏன் ரிஜக்ட்டு?"

"அதுல மேல்பக்கம் சரியில்லம்மா. ஒரே சொரசொரப்பு. கிரெயின் ஜாஸ்தியா இருக்குது பாரு. புள்ளி வேற பளிச்சுன்னு அடிக்குது. இங்க பாரு, ஃபர்ஸ்ட்டுல எவ்ளோ நைஸா…"

சொல்லிக்கொண்டே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தவர் பாதியில் நின்றார்.

"சூரியனுக்கு ஏது தோலு?" என்றாள் பிரிசில்லா.

அவர் கட்டை விரல் திரைமேல் இருந்தது. தன்னை அறியாமல் நீவிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் காற்று குலைத்த படங்களைத்தான் நைஸ் என்று எடுத்து எடுத்து அடுக்கியிருக்கிறார். தெளிவாக விழுந்த ஒவ்வொரு படத்தையும், தெளிவாக இருந்த குற்றத்துக்காகவே, தன் கையாலேயே ஒதுக்கியிருக்கிறார். இந்த ஊரில் தவிர வேறெங்கும் ஒருவர் இப்படிச் சூரியனை ஏமாற்றியிருக்க மாட்டார்.

அவர் சிரிக்கப் போனார். அவள் சிரிக்கவில்லை.

"என் மூஞ்சியையும் இப்படித்தான தேச்சுக் கிறிஸ்டினாவுக்கு அனுப்புன? ஒண்ணுமே தெரியலன்னு சொன்னியே. அது நானே இல்ல. என் மச்சத்தக்கூடக் காணோம். நான் எப்படி இருக்கேனோ அப்படி உனக்கே பாக்கப் புடிக்கலன்னா, ஊர்ல எவ முன்னாடி நான் போய் நிப்பேன்?"

பிரேம்நாத் கட்டிலில் உட்கார்ந்தார். கம்பளி கட்டிய நாளும் போட்டோ எடுத்த நாளும் அடுத்தடுத்த நாட்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"புடிக்காம இல்ல பிரிசி," என்றார். "நீ கண்ணாடி பாக்குறப்பல்லாம் அழுவுற. அழுவக் கூடாதேன்னு பண்ணேன். சத்தியமா அவ்ளோதான். எனக்குப் புத்தி அவ்ளோதான்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகையும் கோபமும் வடிய நேரம் பிடித்தது. வாசலில் ஆபித் பாஷா, உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல், ஒரு பழுதும் இல்லாத ஸ்கூட்டரில் எதையோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளி உக்காருங்க," என்றாள் பிரிசில்லா. 'நீங்க' திரும்பி வந்திருந்தது. "இன்னிக்கு நான் பொறுக்குறேன். நீங்க கைய வைக்காதீங்க."

பொறுக்கினாள். ஷூவின் தையலில் ஒரு கண்ணி தப்பினாலும் பிடிப்பவள் அவள். அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில இடத்தில் "அது வேணாமே" என்று அவருக்கு நாக்கு துடித்தது; அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கியது. பொறுக்கியதையெல்லாம் அடுக்கி முடித்து, கணினி மெல்ல மெல்ல அந்தப் படத்தை வரைந்தபோது இரண்டு பேரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். கொதித்துக்கொண்டிருந்தது சூரியன். புள்ளிகள் இமை விரித்துப் பார்த்தன. பழுது என்று அவர் ஒதுக்கிய அத்தனையும் அங்கே இருந்தது. பார்க்கப் பார்க்கப் போதவில்லை.

"பாய், உள்ள வாங்க! வந்து பாருங்க!" என்று பிரிசில்லாவே குரல் கொடுத்தாள்.

ஆபித் பாஷா வந்து பார்த்தார். படத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார், ஏனென்றால் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. அவள் உள்ளே எழுந்து போகவில்லை. "மாஷா அல்லா," என்றார். எதற்குச் சொன்னார் என்று விளக்கவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது நானும் தேய்த்து நைஸாக்கிய கதை ஆகிவிடும். கம்பளி அன்றைக்கு அவிழவில்லை, மறுநாளும் அவிழவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு மறுபடி காய்ச்சல் வந்து போயிற்று. ஆனால் சூரியன் படத்தை ஆபித் பாஷா பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுக்க, பிரிசில்லா அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தாள். தலை வாரும்போது இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்த நேரத்தில், பிரேம்நாத் வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள்.

"பண்டிகை நோட்டீஸுக்குக் குழுவில எல்லாரும் போட்டோ போடணுமாம். எடுங்க."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தவர் ஜன்னலைப் பார்த்து அப்படியே நின்றார். கம்பளி மடித்துக் கட்டில்மேல் கிடந்தது. மாலை வெளிச்சம் சுவரில் விழுந்திருந்தது. பிரிசில்லா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பவுடர் போட்டிருக்கவில்லை.

போனில் அழகாக்கும் வசதியை எங்கே போய் நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. தடவித் தடவிப் பார்த்தார். அவளே வாங்கி நிறுத்திக் கொடுத்தாள். அவர் எடுத்தார். கை நடுங்கியதால் நிறைய எடுத்தார்.

"இப்ப நீங்க செலக்ட் பண்ணுங்க," என்றாள்.

பிரேம்நாத் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செலக்‌ஷனுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். ஒன்றில் அவள் சிரிக்கவில்லை. ஒன்றில் நிழல் விழுந்து தடிப்பே தெரியவில்லை, அதை ஒதுக்கினார். கடைசியில் ஒன்றில் நின்றார். அதில் அவர் கை நடுங்குவதைப் பார்த்து அவள் சிரித்திருந்தாள். சிரிப்பில் கன்னம் உயர்ந்து, அந்தச் சிவப்பு நன்றாக விரிந்து தெரிந்தது. கண்ணோரச் சுருக்கம் தெரிந்தது, மச்சம் தெரிந்தது.

"இதான் ஃபர்ஸ்ட்டு," என்றார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். பிறகு அதைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, கிறிஸ்டினாவுக்கும் அனுப்பினாள். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

"பயிற்சிக்கு நேரமாச்சு. வர்றீங்களா, நானே போகட்டா?"

பிரேம்நாத் சட்டைகூட மாற்றாமல் கூடவே கிளம்பினார்.